636001: சேலம் பின்கோடை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தொடங்கி ரேஷன் கார்டு வரை இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் ஒரு தடவைகூட அதை ஓர் எண்ணாகப் பார்த்ததில்லை. பார்க்க வைத்தவள் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு. ஏற்காடு பஸ்ஸுக்காகப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் கையிலிருந்த பார்சல் கவரைப் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம பின்கோடு பகா எண்ணா?" என்று கேட்டாள்.

"பாத்தா அப்படித்தான் தெரியுது கண்ணு" என்றேன். அன்று இரவு உட்கார்ந்து 600 வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இனி எங்கே வகுபடப் போகிறது என்ற அசதியில் "பகா எண்ணேதான்" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பதில் வந்திருந்தது: "647ஆல வகுத்துப் பாருங்க மாமா." தண்டனையாக இரண்டு தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அவமானத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டி. ஆறிலக்க எண் ஒன்றைக் கையில் எடுத்தால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தவே கூடாது, காரணிகள் கிடைத்த பிறகு அவற்றை வைத்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். காகிதம், பேனா, வர்க்கமூல பொத்தான் உள்ள சாதாரண கால்குலேட்டர், இவை போதும். நீங்கள் உங்கள் ஊர் பின்கோடை வைத்துக்கொண்டே கூட வரலாம்.

பின்கோடு பற்றி ஒரு வரி. இந்த முறை 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது, வகுத்தவர் ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் பக்கம். முதல் மூன்றும் சேர்ந்து 636 என்றால் நம் பக்கம். கடைசி மூன்று இலக்கமும் எந்த அஞ்சலகம் என்பதைச் சொல்லும். தபால்காரருக்கு அவ்வளவு போதும், நமக்குப் போதாது.

படி 1: வகுக்காமலே கழிக்க வேண்டியவை

2, 3, 5 ஆகியவற்றின் வகுபடும் விதிகள் எல்லோருக்கும் தெரியும். கடைசி இலக்கம் 1, ஆகவே 2ம் இல்லை 5ம் இல்லை. இலக்கங்களின் கூட்டல் 6+3+6+0+0+1 = 16, ஆகவே 3ம் இல்லை. இதை இன்னும் சுருக்கமாகவும் பார்க்கலாம். 636001 என்பது 636000ஐவிட ஒன்று கூடுதல். 636 = 2 × 2 × 3 × 53, அதோடு ஓர் ஆயிரம், அதாவது 2களும் 5களும். ஆக 636000ஐ வகுக்கும் எந்த எண்ணும் 636001ஐ வகுத்தால் மீதி 1தான் வரும். ஒரே பார்வையில் 2, 3, 5, அதோடு 53ம் கழிந்தது. எண்ணைப் பார்த்தவுடன் கால்குலேட்டரைத் தட்டாமல் இப்படி ஒரு நிமிடம் அதன் முகத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். பக்கத்தில் இருக்கும் உருண்டையான எண் எது, அது எதனால் வகுபடும் என்று பாருங்கள்.

படி 2: 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில்

7 × 11 × 13 = 1001. இந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஆறிலக்க எண்களுக்கு இதைவிட உதவியானது வேறில்லை. எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டி, முன்பாதியிலிருந்து பின்பாதியைக் கழியுங்கள். கிடைக்கும் சின்ன எண் 7, 11, 13இல் எதனால் வகுபடுமோ, பெரிய எண்ணும் அதனாலேயே வகுபடும்.

சேலத்துக்கு: 636 − 001 = 635. இது 7ஆல் வகுபடாது (630 வகுபடும், மீதி 5), 11ஆலும் 13ஆலும் வகுபடாது. மூன்றும் கழிந்தன.

ஏற்காட்டின் பின்கோடு 636601. அதற்கு: 636 − 601 = 35. ஆகா, 7! ஏற்காடு முதல் அடியிலேயே விழுந்துவிட்டது: 636601 = 7 × 90943. மலை மேலே இருப்பது சுலபமாக இறங்கி வந்துவிட்டது, கீழே இருப்பதுதான் பிடிவாதம் பிடிக்கிறது. மிச்சமிருக்கும் 90943ஐக் கடைசியில் கவனிப்போம்.

படி 3: எதுவரை போக வேண்டும்? (நான் சறுக்கிய இடம்)

ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கலாக இருந்தால், அதில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 797² = 635209, 798² = 636804. ஆகவே 636001க்கு 797 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 797வரை சோதித்துத்தான் ஆக வேண்டும் என்பது அதன் மறுபக்கம். 600இல் நிறுத்தியவன் "அனேகமாகப் பகா எண்" என்று சொல்லலாம், "பகா எண்ணேதான்" என்று சொல்லக் கூடாது.

797 வரை மொத்தம் 139 பகா எண்கள். அந்தப் பட்டியலை எராட்டோஸ்தனீஸ் சல்லடை போட்டு நீங்களே தயாரிக்கலாம்: 1 முதல் 800 வரை எழுதி, 1ஐ நீக்கிவிட்டு, 2இன் மடங்குகள், 3இன் மடங்குகள், 5, 7 என்று 23 வரை அடித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது பகா எண்கள். (29 × 29 = 841, ஆகவே 29க்குப் போக வேண்டாம்.) ஒரு மணி நேர வேலை, ஆனால் ஒரு தடவை போட்டு வைத்துவிட்டால் ஆறிலக்க எண்களில் பெரும்பகுதிக்கு அந்தத் தாளே உதவும். முழுவதற்கும் வேண்டுமென்றால் 1000 வரை போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஒவ்வொன்றாலும் நீள்வகுத்தல் போட்டால் கை ஒடிந்துவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. நான் அதைப் பூஜ்ஜியமாக்கி வெட்டுவது என்று சொல்வேன். சோதிக்கும் பகா எண்ணின் ஏதோ ஒரு மடங்கைக் கூட்டியோ கழித்தோ கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள், பூஜ்ஜியத்தை வெட்டிவிடுங்கள், மறுபடி அதையே செய்யுங்கள். 2, 5 தவிர எந்தப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் 10ஆல் வகுப்பது அந்தப் பகா எண்ணைப் பாதிக்காது.

23க்குப் பார்ப்போம். 636001 + 69 = 636070, வெட்டினால் 63607. அதோடு 23 கூட்டினால் 63630, வெட்டினால் 6363. அதிலிருந்து 23 கழித்தால் 6340, வெட்டினால் 634. அதோடு 46 கூட்டினால் 680, வெட்டினால் 68. 23 × 3 = 69, ஆகவே 68 வகுபடாது. 23 கழிந்தது. பழகிவிட்டால் ஒரு பகா எண்ணுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது 647. 647 × 7 = 4529. 636001 + 4529 = 640530, வெட்டினால் 64053. அதோடு 647 கூட்டுங்கள்: 64700. இரண்டு பூஜ்ஜியத்தையும் வெட்டினால் நிற்பது 647 தானே! இரண்டே கூட்டல். நான் தூங்கப் போகாமல் இன்னும் ஒன்பது பகா எண்கள் தாண்டி வந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கும்.

636001 = 647 × 983. இரண்டுமே பகா எண்கள். 647க்கு 23 வரையும், 983க்கு 31 வரையும் சோதித்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். வரிசையில் 647 என்பது 118ஆவது பகா எண். அதாவது வரிசையாகப் போனால் 117 ஏமாற்றத்துக்குப் பிறகுதான் பலன்.

படி 4: பிரிப்பதற்கு முன் உரசிப் பார்ப்பது

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் கொலுசை வாங்கும்போது முழுவதையும் உருக்கிப் பார்ப்பதில்லை, கொஞ்சம் எடுத்து டச், அதாவது வெள்ளியின் தூய்மை, எவ்வளவு என்று பார்த்துவிடுவார்கள். எண்ணிலும் அப்படி ஒரு சோதனை உண்டு. அது காரணியைக் காட்டாது, ஆனால் "இது பகு எண், தேடினால் காரணி உண்டு" என்று சத்தியம் செய்து சொல்லும்.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் சிறிய தேற்றம் இதுதான்: ஒரு பகா எண்ணை எடுத்து, அதைவிட ஒன்று குறைவான தடவை 2ஐப் பெருக்கி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1தான் வரும் (2 என்ற பகா எண் மட்டும் விலக்கு). 11க்குப் பாருங்கள்: 2ஐப் பத்து தடவை பெருக்கினால் 1024, அது 11 × 93 + 1. 15க்குப் பாருங்கள்: 2ஐப் பதினான்கு தடவை பெருக்கி 15ஆல் வகுத்தால் மீதி 4. ஒன்று வரவில்லை, ஆகவே 15 பகா எண்ணாக இருக்க வழியே இல்லை.

636001க்கு 2ஐ 636000 தடவை பெருக்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். வர்க்கப்படுத்திக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் 19 வர்க்கப்படுத்தலில் முடிந்துவிடும், ஏனென்றால் 636000ஐ இரும எண்ணாக எழுதினால் 20 இலக்கம்தான். கையால் போட்டால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும் என்பதால் இதை மட்டும் கணினியிடம் விடுங்கள். பைத்தான் மொழியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, ஒரு வரியில் வேலை முடியும். விடையாக 1 வராது. அன்று இரவே இதைச் செய்திருந்தால் தட்டுவடை செட் மிச்சமாகியிருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. 1 வராவிட்டால் பகு எண் என்பது உறுதி, ஆனால் 1 வந்தால் பகா எண் என்று உறுதி கிடையாது. 341 = 11 × 31 பகு எண்தான், ஆனாலும் 2ஐ வைத்துச் சோதித்தால் 1 என்று பொய் சொல்லும். 561 = 3 × 11 × 17 இன்னும் மோசம், அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பொய்யே சொல்லும். இந்த ஓட்டையில்லாமல், காரணியையும் தேடாமல், எண் எவ்வளவு பெரிதானாலும் நியாயமான நேரத்துக்குள் உறுதியாகச் சொல்லும் முறையை 2002இல் கண்டுபிடித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. அதில் கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்தவர்கள் என்பதை ஒன்பதாம் வகுப்புக்காரியிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

படி 5: கொண்டை ஊசி முறை

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். வளைவுக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டால் மேலே போய்ச் சேர்வதற்குள் 636001 உடைந்துவிடும்.

அடிப்படை எட்டாம் வகுப்புப் பாடம்தான்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). நம் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் காரணிகள் தாமாக வந்து விழும். ஃபெர்மா 1643இல் ஒரு கடிதத்தில் இந்த முறையை விளக்கி 2027651281 என்ற பத்திலக்க எண்ணை 44021 × 46061 என்று பிரித்துக் காட்டினார். அவருக்கு ஆன படிகள் பன்னிரண்டு. கால்குலேட்டர் இல்லை, பஸ்ஸும் இல்லை.

வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்குங்கள், நமக்கு 798. அதன் வர்க்கத்திலிருந்து 636001ஐக் கழியுங்கள். மீதி ஒரு முழு வர்க்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் 799, அப்புறம் 800, இப்படியே. ஒவ்வொரு தடவையும் வர்க்கம் கணக்கிட வேண்டியதில்லை: 798இலிருந்து 799க்குப் போகும்போது 1597 கூடும் (798 + 799), அடுத்தது 1599, அடுத்தது 1601, இப்படி இரண்டிரண்டாகக் கூடிக்கொண்டே போகும். வெறும் கூட்டல்தான்.

1ஆம் வளைவு, 798: மீதி 803
2ஆம் வளைவு, 799: 2400
3, 800: 3999
4, 801: 5600
5, 802: 7203
6, 803: 8808
7, 804: 10415
8, 805: 12024
9, 806: 13635
10, 807: 15248
11, 808: 16863
12, 809: 18480
13, 810: 20099
14, 811: 21720
15, 812: 23343
16, 813: 24968
17, 814: 26595
18ஆம் வளைவு, 815: 28224 = 168 × 168

நிறுத்துங்கள்! 815 − 168 = 647, 815 + 168 = 983. ஏற்காட்டுக்கு இன்னும் இரண்டு வளைவு பாக்கி.

"இது முழு வர்க்கமா" என்று ஒவ்வொரு தடவையும் வர்க்கமூலம் போட வேண்டாம். முழு வர்க்கம் 2, 3, 7, 8இல் முடியாது. 5இல் முடிந்தால் 25இல்தான் முடியும். பூஜ்ஜியத்தில் முடிந்தால் இரட்டைப் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நிற்பதும் வர்க்கமாக இருக்க வேண்டும் (24ம் 56ம் வர்க்கமில்லை, ஆகவே 2400ம் 5600ம் போச்சு). 99இல் முடிவதும் ஆகாது, ஏனென்றால் 4ஆல் வகுத்தால் எந்த வர்க்கத்துக்கும் மீதி 3 வராது. இப்படி வடிகட்டினால் மேலே உள்ள பதினெட்டில் உண்மையில் மூலம் எடுத்துப் பார்க்க வேண்டியவை 12024, 28224 என்ற இரண்டே இரண்டு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 636001ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்கங்களை 4ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான் வரும். வித்தியாசம் 1 வர வேண்டுமென்றால் முதல் வர்க்கம் ஒற்றையாகவும் இரண்டாவது இரட்டையாகவும் இருந்தே ஆக வேண்டும். ஆகவே 798, 800, 802 எல்லாவற்றையும் பார்க்காமலே விட்டுவிடலாம். பதினெட்டு ஒன்பதாகிவிட்டது. இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அவள்தான் எனக்குச் சொன்னாள்.

படி 6: எந்த முறையை எப்போது?

117 ஏமாற்றம் எங்கே, 18 கூட்டல் எங்கே என்று இந்த முறையையே எப்போதும் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அஸ்தம்பட்டி பின்கோடை எடுத்துப் பாருங்கள்: 636007. சேலத்துக்கு ஆறே எண் தள்ளி இருக்கிறது. கொண்டை ஊசி முறையில் 798, 799 என்று தொடங்கினேன். இருபது போனது, நாற்பது போனது, அறுபதில் நோட்டுப் புத்தகத்தை மூடினேன். பிறகு பழைய வகுத்தல் முறையில் போனால் 157இல் விழுந்துவிட்டது: 636007 = 157 × 4051. 157 என்பது 37ஆவது பகா எண். 36 ஏமாற்றம், அவ்வளவுதான். கொண்டை ஊசி முறையிலேயே பிடிவாதமாகப் போயிருந்தால் 157, 4051 இரண்டின் சராசரியான 2104 வரை போயிருக்க வேண்டும், அதாவது 1307 படிகள். ஏற்காடு மலைப்பாதையை அறுபத்தைந்து தடவைக்கு மேல் ஏற வேண்டும்.

காரணம் புரிந்திருக்கும். வகுத்தல் முறை சின்னக் காரணியைச் சீக்கிரம் பிடிக்கும். கொண்டை ஊசி முறை ஒன்றுக்கொன்று நெருக்கமான காரணிகளைச் சீக்கிரம் பிடிக்கும். 647ம் 983ம் கிட்டத்தட்ட ஒரு ஜோடி, 157ம் 4051ம் மடுவும் மலையும். எண்ணை வெளியிலிருந்து பார்த்து எது எப்படி என்று சொல்ல முடியாது. ஆகவே என் வழக்கம் இது: முதலில் 100 வரையுள்ள 25 பகா எண்களால் வகுத்துப் பார்ப்பேன், பிறகு இருபது வளைவு ஏறிப் பார்ப்பேன், அதிலும் விழாவிட்டால் திரும்ப வந்து 101இலிருந்து வகுத்தலைத் தொடர்வேன். ஆறிலக்கத்துக்கு இதற்கு மேல் தந்திரம் தேவைப்படாது.

படி 7: காரணி கிடைத்த பிறகு

பிரித்துவிட்டோம். இனி எண்ணைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் வேகமாக விடை வரும்.

வகுத்திகள் நான்கே: 1, 647, 983, 636001. தன்னை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் 1631. எண்ணைவிட மிகக் குறைவு, ஆகவே இது குறை எண். இதில் சுவாரசியம் ஒன்றுமில்லை, கடந்து போகலாம்.

636001ஐவிடச் சின்ன எண்களில் அதோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 646 × 982 = 634372. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் வேண்டும்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? இது கொஞ்சம் அழகானது. 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள் எல்லாவற்றையும் அப்படி எழுதலாம் (13 = 9 + 4, 29 = 25 + 4). 636001க்கும் மீதி 1தான் என்பதால் முடியும் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். முடியாது. உள்ளே இருக்கும் 647க்கும் 983க்கும் 4ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண் எதுவும் ஒற்றைப்படைத் தடவை வந்துவிட்டால் இரண்டு வர்க்கக் கூட்டல் நடக்காது. மீதி 3 உள்ள இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு வெளியில் 1 என்று வேஷம் போட்டிருக்கிறார்கள். இப்படி மீதி 3 உள்ள இரண்டு வேறு பகா எண்களின் பெருக்கலுக்கு பிளம் எண் என்று பெயர், கணினி அறிஞர் மானுவல் பிளம் பெயரால். இரகசியக் குறியீட்டுத் துறையில் இவற்றுக்குத் தனி மரியாதை உண்டு. நம் பின்கோடு ஒரு பிளம் எண் என்பது எனக்குச் சேலத்து மாம்பழத்துக்கு அடுத்த பெருமை.

மூன்று வர்க்கமானால் முடியும்: 636001 = 796² + 48² + 9². சரிபாருங்கள்: 633616 + 2304 + 81.

இன்னொன்று. பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887இல் பிறந்த ராமானுஜன், ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து 1917இல் ஒரு முடிவை வெளியிட்டார்: ஓர் எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்றால், அந்த எண்ணின் இயல் மடக்கையை (natural log) எடுத்து, அதற்கு மறுபடியும் இயல் மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டி இருக்கும். 636001க்கு முதல் மடக்கை ஏறத்தாழ 13.36, அதன் மடக்கை ஏறத்தாழ 2.6. சேலத்துக்கு 2 காரணி. ஏற்காட்டுக்கு எத்தனை என்று இப்போதே ஊகித்து வையுங்கள்.

படி 8: பின்கோடை வைத்து ஒரு பூட்டு

ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்ற இரகசியக் குறியீட்டு முறையின் உயிர்நாடி நாம் இதுவரை பட்ட பாடுதான்: இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கிய பின் பிரிப்பது கஷ்டம். 636001ஐ வைத்தே ஒரு குட்டிப் பூட்டுச் செய்யலாம்.

பூட்டுவதற்கு எண் 3. அனுப்ப வேண்டிய செய்தி நம் எஸ்டிடி கோடு, 427. அதை மூன்று தடவை பெருக்குங்கள்: 427 × 427 × 427 = 77854483. இதை 636001ஆல் வகுத்தால் மீதி 262361. இதுதான் பூட்டிய செய்தி, யார் கையில் கிடைத்தாலும் ஒன்றும் புரியாது.

திறப்பதற்கு ஒரு சாவி வேண்டும். குறித்து வைத்த 634372ஐ இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 1268745. அதை 3ஆல் வகுத்தால் 422915. இதுதான் சாவி. 262361ஐ 422915 தடவை பெருக்கி 636001ஆல் வகுத்தால் மீதியாக 427 திரும்ப வரும் (இதையும் பைத்தானிடம் விடுங்கள்). 634372 தெரிந்தவனுக்கே சாவி தெரியும், 647ம் 983ம் தெரிந்தவனுக்கே 634372 தெரியும். 636001ஐ மட்டும் பார்ப்பவன் மேலே உள்ள ஆறு படிகளையும் ஏறி வர வேண்டும்.

ஆறிலக்கப் பூட்டைப் பஸ்ஸிலேயே உடைத்துவிட்டோம் என்பதால் நிஜப் பூட்டுகளைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஆர்எஸ்ஏ 250 என்ற 250 இலக்க எண் 2020இல்தான் உடைக்கப்பட்டது, அதுவும் ஏராளமான கணினிகள் சேர்ந்து. இப்போது பரவலாக உள்ள பூட்டுகள் 617 இலக்கம். ஒரு விஷயம் மட்டும் அப்படியே பொருந்தும்: பூட்டுச் செய்பவர்கள் இரண்டு பகா எண்களையும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், எத்தனை இலக்கமானாலும் கொண்டை ஊசி முறை சில வளைவுகளிலேயே உடைத்துவிடும்.

பாக்கி வைத்த 90943

போன ஞாயிறு மறுபடி ஏற்காடு. ஏரிக்கரையில் சுற்றிவிட்டுச் சாயங்காலம் இறங்கும்போது, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். 301² = 90601, 302² = 91204, ஆகவே தொடக்கம் 302. 90943ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3, ஆகவே இந்தத் தடவை முதல் எண் இரட்டையாக இருக்க வேண்டும். 302, 304, 306 என்று தாவித் தாவிப் போகலாம். இறங்கும் வழி என்பதால் 20ஆம் பலகையில் 302 என்று தொடங்கினாள், வளைவுக்கு ஒன்று. நடுவில் ஒரு லாரிக்கு வழிவிட பஸ் நின்றபோதுகூட அடுத்ததற்குப் போகவில்லை, "ரூல்ஸ்னா ரூல்ஸ் மாமா" என்றாள்.

பதினான்காவது எண் 328. 328² = 107584, அதில் 90943 போனால் 16641. கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "129" என்றாள். 328 − 129 = 199, 328 + 129 = 457. இரண்டும் பகா எண்கள். ஏற்காடு 636601 = 7 × 199 × 457, மூன்று காரணி.

ஜன்னலுக்கு வெளியே பலகையில் 7 என்று எழுதியிருந்தது.